29 பேரில் 11 பேர்: ஒரு நீதிமன்றக் குலுக்கலின் கணக்கு

அமெரிக்க வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது என்கிறார்கள். அங்கே 29 நீதிபதிகள். தீர்ப்பில் 11 பெயர்தான் இருக்கிறது. மீதி 18 பேர் எங்கே?" சட்டக் கேள்விதான், ஆனால் இதன் சுவையான பகுதி நிகழ்தகவில் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் படித்த சேர்வுகள் கணக்கு நினைவில் இருந்தால் போதும்.

முதலில் அதிகார வரம்பு. அமெரிக்க மத்திய அரசின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13. அவற்றில் மிகப் பெரியது சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்பதாவது சர்க்யூட். கலிஃபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் உட்பட ஒன்பது மாநிலங்கள், கூடவே பசிபிக்கில் குவாமும் வட மரியானா தீவுகளும். நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இதன் எல்லைக்குள் வாழ்கிறார். இங்கே புதிய சாட்சி விசாரணை கிடையாது. கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பொருத்தியதா என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றம் மிகச் சில வழக்குகளையே எடுப்பதால், பெரும்பாலானவர்களுக்கு இதுதான் கடைசிப் படி. நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுட்காலத்துக்கு.

வழக்கு முதலில் மூன்று நீதிபதிகளிடம் போகும். அந்தத் தீர்ப்பு தவறு என்று பட்டால் மறுவிசாரணை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடக்கும். பணியில் இருக்கும் நீதிபதிகள் எல்லோரும் அதில் வாக்களிக்கலாம். பெரும்பான்மை 'வேண்டும்' என்றால் முழு அமர்வு கூடும். மற்ற சர்க்யூட்களில் நீதிபதிகள் அனைவரும் உட்காருவார்கள். 29 பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேர விவாதத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் தேறும். 1978-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பெரிய நீதிமன்றங்களுக்கு விதிவிலக்கு தந்தது. அதன்படி இங்கே தலைமை நீதிபதிக்கு நிரந்தர இடம். மீதி 28 பேரிலிருந்து 10 பேரைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள்.

28 பேரில் 10 பேரை 1,31,23,110 விதங்களில் தேர்ந்தெடுக்கலாம். அத்தனை அமர்வுகளும் ஒரே தீர்ப்பைத் தருமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அண்மை ஆண்டுகளில் இந்த 29 பேரில் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் 16, குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள் 13. நீதிபதிகள் எப்போதும் இப்படிக் கட்சி வாரியாகப் பிரிவதில்லை, பெரும்பாலான தீர்ப்புகள் ஒருமனதானவை. ஆனாலும் ஏதோ ஒரு சட்டக் கேள்வியில் 29 பேரும் 16க்கு 13 என்று பிரிந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 29 பேரிலிருந்து எடுத்த மூவர் அமர்வில், 13 பேர் தரப்பு வெல்லும் வாய்ப்பு 42 சதவீதம். பதினொருவர் அமர்வில், தலைமை நீதிபதி 16 பேர் தரப்பில் இருந்தால், அது 25 சதவீதமாக இறங்குகிறது. மாதிரி பெரிதாகும்போது அது முழுக் கூட்டத்தைப் போலவே ஆகிக்கொண்டு வருகிறது. கருத்துக் கணிப்பு, தடுப்பூசிச் சோதனை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அதே விதிதான்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். தலைமை நீதிபதி 13 பேர் தரப்பில் இருந்தால் என்ன ஆகும்? அந்த 25 சதவீதம் 43 ஆகிவிடுகிறது! குலுக்கலில் கலக்காத ஒற்றை நாற்காலி அவ்வளவு கனம். அந்த நாற்காலியில் இருப்பவரை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. இடம் காலியாகும் அன்று 65 வயதைத் தொடாதவர்களில் பணி மூப்பு அதிகம் உள்ளவருக்கு, அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கு, அது போகிறது. 2021 டிசம்பர் முதல் அதில் இருப்பவர் மேரி முர்கியா.

இன்னொரு விதியும் உண்டு. தொடர்ந்து மூன்று முழு அமர்வுகளில் பெயர் வராத நீதிபதிக்கு நான்காவதில் தானாகவே இடம். ஏன் தேவைப்பட்டது? ஒரு குலுக்கலில் விடுபடும் வாய்ப்பு 28இல் 18. மூன்று முறை தொடர்ந்து விடுபடும் வாய்ப்பு 27 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல் சும்மாவே, யாருடைய சதியும் இல்லாமல், இப்படி விடுபட்டுப் போவார்கள். நம்மில் பலர் மூன்று முறை தொடர்ந்து ஒன்று தவறிப்போனால் ராசி சரியில்லை என்று ஜோசியரைத் தேடுகிறோம். எதேச்சை இயல்பாகவே கொத்துக் கொத்தாகத்தான் வரும் என்பதைப் பள்ளியிலேயே நாணயத்தைச் சுண்டவிட்டுக் காட்ட வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன். மனப்பாடமாகச் சூத்திரம் எழுத வைப்பதால் இது மனசில் ஏறுவதில்லை.

சரி, குலுக்கலே வேண்டாம், 29 பேரும் உட்காரட்டும் என்று சொல்ல வழி இருக்கிறதா? இருக்கிறது. பதினொருவர் தீர்ப்புக்குப் பிறகும் அப்படி ஒரு விசாரணைக்கு விதி இடம் தருகிறது. அதில் 13 பேர் தரப்பு வெல்லும் வாய்ப்பு பூஜ்ஜியம். இதுவரை ஒருமுறை கூட அப்படிக் கூடியதில்லை. நீதிமன்றத்தின் நேரம் பெரிது என்பது புரிகிறது. ஆனால் மரண தண்டனை வழக்கு ஒன்று 6க்கு 5 என்று முடியும்போதாவது அந்த விதியை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.