ஃப்ளை ராட் வாங்கும் முன் லைனைப் பாருங்கள்

ஃப்ளை என்பது பூச்சி போலக் கட்டிய போலி இரை. அதை வீசி மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களை முதல் நாள் ராடை, அதாவது தூண்டில் கோலை, தொட விடமாட்டேன். முனையில் கட்டும் அந்தச் சின்ன ஃப்ளையைக் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் தூரமாக எறியச் சொல்வேன். ஒரு முள், அதில் சுற்றிய கொஞ்சம் நூல், கொஞ்சம் இறகு, அவ்வளவுதான். எவ்வளவு பலமாக எறிந்தாலும் காலடியில்தான் வந்து விழும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தன் எடையால் பறந்து நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே எடை முழுவதும் லைன் என்ற தடித்த நூலில்தான். லைன் பறக்கிறது, ஃப்ளை அதன் வாலில் தொங்கிக்கொண்டு போகிறது. அந்த எடையை வாங்கி வளைந்து, நிமிரும்போது திருப்பிக் கொடுப்பதுதான் ராடின் வேலை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகிறவர்கள் ராடின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அதன் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது லைனின் எண். லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்கிறது என்பதை வைத்து அது அமைகிறது. 3-ஆம் எண் லைனுக்கு 100 கிரெயின், அதாவது சுமார் 6.5 கிராம். 5-ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், 9 கிராமுக்குச் சற்று மேல். 5 என்று எழுதிய ராடுக்கு 5-ஆம் எண் லைன்தான் பொருந்தும்.

ஒருவர் ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க 8-ஆம் எண் ராடோடு வந்தார். “பெரிய மீன் மாட்டினால் உடையக்கூடாது சார்” என்றார். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே அவர் கட்டியிருந்த மெல்லிய நரம்பு 5எக்ஸ் என்ற அளவு, தடிமன் 0.15 மில்லிமீட்டர். ராடுக்கு ஆபத்து வருவதற்கு வெகு முன்பே அது அறுந்துவிடும். மீன் திமிறும்போது ராடின் முனை வளைந்து கொடுத்தால்தான் அந்த மெல்லிய நரம்பு தப்பிக்கும். விறைப்பான ராட் வளையாது. அன்று அவருக்கு மாட்டிய மூன்று மீனும் அறுத்துக்கொண்டு போயின.

ஒரே ஒரு ராட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 9 அடி, 5-ஆம் எண். யோசிக்கவே வேண்டாம். கிளைகள் கவிந்த சிற்றோடைக்கு ஏழரை அடி, 3-ஆம் எண் வசதி. காற்றடிக்கும் ஏரிக்கு 6 அல்லது 7.

எண்ணைவிட அதிகம் ஏமாற்றுவது ராடின் விறைப்பு. நுனியில் மட்டும் வளைவதை ஃபாஸ்ட் என்பார்கள், நடுப்பகுதி வரை வளைவதை மீடியம் என்பார்கள். விலை உயர்ந்த ராடுகளில் பெரும்பாலானவை ஃபாஸ்ட். கடையில் வெறும் ராடை உதறிப் பார்க்கும்போது அது ‘விர்’ரென்று நிற்பதைக் கண்டு மயங்கிவிடுகிறார்கள். லைன் இல்லாமல் உதறுவதில் ஒன்றும் தெரியாது. ஓடையில் டிரவுட் பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான் கிடைக்கும். அந்தத் தூரத்துக்கு வெளியே விடும் லைன் கொஞ்சம்தான். அந்த எடைக்கு ஃபாஸ்ட் ராட் வளைவதே இல்லை. ஆகவே புதியவருக்கு மீடியம்தான் என் பரிந்துரை. (என்னிடமும் ஒரு ஃபாஸ்ட் ராட் இருக்கிறது. காற்று நாளில் மட்டும் எடுப்பேன்.)

வீசும்போது எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: அவசரம். ராடைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். லைன் முதுகுக்குப் பின்னால் முழுக்க விரிந்த பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் கேட்டால் நீங்கள் முந்திவிட்டீர்கள், ஃப்ளையும் அநேகமாகப் போய்விட்டிருக்கும். திரும்பிப் பார்த்து வீசுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நரம்பில் தானாக ஒரு சிறு முடிச்சு விழுந்திருந்தால் அந்த இடத்தில் அதன் பலம் பாதியாகிவிடும். அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள்.

இத்தனை வருடத்தில் என்னுடைய இரண்டு ராடுகள் உடைந்திருக்கின்றன. ஒன்று கார் கதவில் நசுங்கியது. இன்னொன்று, கரைக்கு வந்த மீனை வலையில் அள்ளும் ஆசையில் ராடைத் தலைக்கு மேல் பின்னோக்கிச் சாய்த்தபோது நுனிக்குக் கீழே முறிந்தது. ராடின் தக்கைப் பிடிக்கு மேலே கையை நகர்த்திப் பிடித்தாலும் இதே கதிதான். ராடின் துண்டுகள் சேரும் இடம் வீசும்போது தளர்ந்துகொண்டே வரும், மணிக்கொரு தடவை அழுத்திவிடுங்கள். ஃப்ளை பாறையில் சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை ஒதுக்கிவிட்டு, லைனைக் கையில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள்.

முகத்தைத் திருப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடுபடும் முள் நேராக உங்களை நோக்கித்தான் வரும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாதவரை நான் தண்ணீரில் இறக்குவதில்லை. முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கொடுக்கைக் குறடால் நசுக்கிவிடச் சொல்வேன். விரலில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும், மீனுக்கும் காயம் குறைவு.

இன்னொன்றை நிறையப் பேர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இன்றைய ராடுகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். 9 அடி ராடைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மின்கம்பிக்குக் கீழே நடப்பது ஆபத்து. கம்பியில் லைன் சிக்கினால் இழுக்காதீர்கள், தொடாதீர்கள், விட்டுவிட்டு விலகி மின்துறைக்குச் சொல்லுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே ராடைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரை விட்டுக் கரையேறி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பினால் போதும். மீன் எங்கேயும் போய்விடாது.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2-ஆம் எண் ராடில் பெரிய மீனோடு போராடுவது நமக்கு வேடிக்கை. அதுவோ வெகுநேரம் ஓடிக் களைத்து, விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், டிரவுட் குளிர்நீர் மீன். என் பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்று வகுப்பு புல்தரையில்தான். முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு வீசிப் பழகுவோம்.