கண் திறந்தே பிறக்கும் குட்டிகள்

பண்டாரவளையில் அக்கா பிள்ளைகள் வளர்க்கும் கினிப்பன்றி போன மாதம் மூன்று குட்டி போட்டது. ஈரம் காய்வதற்குள் அவை கண்ணை அகல விழித்துக்கொண்டு கூட்டுக்குள் ஓடத் தொடங்கிவிட்டன, உடம்பெல்லாம் மயிர், வாயில் பல், மறுநாளே புல்லைக் கொறித்தன. எலிக்குட்டியோ மயிரில்லாமல், சிவந்துபோய், கண் மூடியபடி பிறக்கும். இரண்டும் கொறிக்கும் பிராணிகள்தான், பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எலியின் கர்ப்பம் மூன்று வாரம், கினிப்பன்றிக்கு ஒன்பது பத்து வாரம். அத்தனை நாளும் குட்டிகளுக்கு ஊட்டுவது நச்சுக்கொடி. பாடசாலைப் புத்தகத்தில் சூல்வித்தகம், மாட்டுக்கு என்றால் இளங்கொடி.

மாட்டின் இளங்கொடி கருப்பைச் சுவரோடு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் நடுவே பல அடுக்குகள் உண்டு. கினிப்பன்றியில் அப்படி இல்லை. கரு சுவருக்குள்ளேயே புதைந்துகொள்கிறது, மனிதக் கருவும் இப்படித்தான். பிறகு தாயின் இரத்தம் நச்சுக்கொடியின் திசுவை நேரடியாக நனைத்து ஓடுகிறது. அந்த இடத்தில் எலிக்கு மூன்று அடுக்குப் போர்வை, கினிப்பன்றிக்கும் நமக்கும் ஒன்றுதான்.

இரத்தம் ஓடும் திசைதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நச்சுக்கொடி பல மடல்களாகப் பிரிந்திருக்கும். தாயின் இரத்தம் ஒவ்வொரு மடலின் நடுவில் வந்து வெளிப்பக்கமாகப் பரவும், குட்டியின் இரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவை நோக்கிப் போகும். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பழைய டிரையரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: தூள் மேலிருந்து இறங்க, சூட்டுக் காற்று கீழிருந்து ஏறும், அதனால் வழிநெடுக ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். இங்கேயும் அதே கணக்குத்தான், குட்டியின் இரத்தம் வெளியேறும் கடைசி இடத்தில்கூட அதைவிட ஒட்சிசன் கூடிய தாயின் புது இரத்தம் பக்கத்திலேயே நிற்கிறது.

சரி, அவ்வளவு இரத்தம் வந்து சேர்வது எப்படி? நச்சுக்கொடிக்கு அடியில் இன்னொரு சிறு பகுதி வளர்கிறது. அங்கே பெருகும் கலங்கள் கருப்பைக்குள் ஊடுருவி, தாயின் நாடிகளின் தசைச் சுவரைக் கரைத்து, சுருங்காத அகலக் குழாய்களாக மாற்றிவிடுகின்றன. இந்த அடிப்பகுதி எலிக்கும் இல்லை, நமக்கும் இல்லை, கினிப்பன்றியின் சொந்தக் கூட்டத்துக்கே உரியது. சின்சில்லா, கப்பிபாரா என்ற கொறிக்கும் பிராணிகள் எல்லாம் அந்தக் கூட்டம், நம் தேயிலை மலைகளில் இரவில் திரியும் முள்ளம்பன்றியும்தான். அதன் குட்டியும் கண் திறந்தே, மெத்தென்ற முட்களோடு பிறக்கும்.

நமக்கு அந்த அடிப்பகுதி இல்லாவிட்டாலும் நாடிகளை அகலமாக்கும் வேலை நமக்குள்ளும் நடக்கிறது. அது அரைகுறையாக நின்றுபோன தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வரை போகலாம். சுண்டெலியில் இந்த ஊடுருவல் ஆழமாகப் போவதில்லை, அதனால்தான் இதைப் படிக்கிறவர்கள் கினிப்பன்றியைத் தேடிப் போகிறார்கள். அப்புறம் கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஓமோனை எலியில் சூலகமே கடைசிவரை சுரக்கிறது, கினிப்பன்றியிலும் நம்மிலும் பாதி வழிக்கு முன்பே நச்சுக்கொடி பொறுப்பெடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு வளர்ந்த குட்டிகள் வெளியே வர இடம் வேண்டும் அல்லவா? பிரசவம் நெருங்கும்போது தாயின் இடுப்பெலும்பு முன்பக்கத்தில் விலகிக் கொடுக்கும். ஏழெட்டு மாதமாகியும் ஒருமுறைகூட ஈனாத பெட்டைக்கு அந்த மூட்டு இறுகிவிடலாம், பிறகு சினைப்பட்டால் குட்டி வெளியே வர முடியாமல் தாயும் சேர்ந்தே சாகலாம். வீட்டில் வளர்ப்பவர்கள் அப்படிப்பட்ட பெட்டையைக் கடுவனோடு ஒரே கூட்டில் விடவேண்டாம்.