குத்துக்காயத்தின் பகுபத உறுப்பிலக்கணம்

மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் நோயையும் காயத்தையும் குறியீடுகளாக எழுதும் வேலைக்கான பயிற்சியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி மேல் விழுந்தவருக்கு வலது இடுப்பில் குத்துக்காயம். முதல் மருத்துவமனையில் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து வேறொரு மருத்துவமனையில், அறுவை மருத்துவர் உள்ளே சிக்கியிருந்த துணித் துணுக்கை எடுக்கிறார். "இரண்டாவது வருகைதானே, குறியீட்டின் கடைசியில் டி போட்டால் ஏன் தப்பு என்கிறார்கள்?"

நோய்களுக்கு எண் கொடுப்பது பழைய வேலை. 1893இல் பிரான்ஸ் நாட்டு ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல்தான் இன்றைய ஐசிடியின், அதாவது நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின், மூதாதை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பில் இடுப்புத் திறந்த காயத்துக்கு எஸ்71.0 என்ற நான்கே இடங்கள். அமெரிக்கா அதையே விரித்து ஐசிடி-10-சிஎம் என்று 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. வாசகர் படிப்பது இதைத்தான்.

அந்த மாற்றத்துக்கு முந்தைய நாள் வரை அமெரிக்காவில் இருந்தது ஒன்பதாம் பதிப்பு. அதில் இடுப்பு, தொடை இரண்டுக்கும் சேர்த்து 890 என்று ஒரே எண். சிக்கலில்லாத காயமா, சிக்கலானதா, தசைநாண் அறுந்ததா என்று மூன்று பிரிவு, அவ்வளவுதான். குத்தியதா கிழித்ததா, வலதா இடதா, எதுவும் கிடையாது. இப்போது இடுப்புக் குத்துக்காயத்துக்கு மட்டும் பதினெட்டுக் குறியீடுகள்!

பதினெட்டா என்று மலைக்க வேண்டாம். பள்ளியில் 'நடந்தனன்' என்பதைப் பிரித்தது நினைவிருக்கிறதா? நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி. ஒரே சொல்லுக்குள் செயல், காலம், ஆள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எஸ்71.031ஏ என்பதும் அப்படி ஒரு பகுபதம்தான்.

எஸ்71 பகுதி: இடுப்பு, தொடையின் திறந்த காயம். புள்ளியை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அடுத்த 0 இடுப்பு. 1 வந்தால் தொடை. ஐந்தாம் இடத்தில் காயத்தின் வகை: 1 கிழிகாயம், 3 குத்துக்காயம், இரண்டிலும் உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் முறையே 2, 4. கடித்த காயம் 5. (விஷக்கடி என்றால் இந்தப் பக்கமே வரக்கூடாது, அதற்குத் தனி இடம். எலும்பும் முறிந்து காயம் திறந்திருந்தால் எஸ்72.) ஆறாம் இடம் வலது 1, இடது 2, சொல்லப்படவில்லை 9. ஏழாவது ஏ, டி, எஸ் மூன்றில் ஒன்று. பொருள் தங்கியது, தங்காதது என இரண்டு, பக்கம் மூன்று, கடைசி எழுத்து மூன்று. பெருக்கினால் பதினெட்டு.

குத்துக்காயத்தைக் கிழிகாயத்திலிருந்து ஏன் பிரிக்க வேண்டும்? வாய் சின்னது, ஆழம் பெரிது. ரத்தம் அதிகம் வெளியேறாததால் அழுக்கும் வெளியேறாது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். காற்றில்லாத அந்த ஆழம்தான் டெட்டனஸ் கிருமிக்குத் தோதான வீடு. 'துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து' என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடி உறவே இல்லை. கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. பளபளக்கும் புது ஆணி என்று தடுப்பூசியைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தமிழருக்கு இதில் இன்னொரு வம்பும் உண்டு. நமக்கு 'இடுப்பு' என்றால் ஒட்டியாணம் போடும் இடமும் அதுதான், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் அதுதான், வலிக்கிற கீழ்முதுகும் அதுதான். குறியீட்டில் எஸ்71.0 என்பது இடுப்பு மூட்டுப் பக்கம் மட்டும். கீழ்முதுகும் புட்டமும் எஸ்31இல், வயிற்றோடு கூட்டுக் குடித்தனம். அங்கே வரிசையும் மாறும்: வலது புட்டத்தின் குத்துக்காயம் எஸ்31.813. பக்கம் முன்னால், காயத்தின் வகை பின்னால். யார் எப்போது மாற்றிப் போட்டார்களோ, கோடிங் படிப்பவர்களுக்குத்தான் தலைவேதனை.

சரி, ஏழாவது எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான். தமிழ் வினையில் காலம் நடுவில் வரும், இங்கே கடைசியில். ஆனால் இது நாட்காட்டிக் காலமும் இல்லை, வருகைக் கணக்கும் இல்லை. ஏ என்பதற்கு ஆங்கிலத்தில் 'முதல் சந்திப்பு' என்று பெயர் வைத்துத் தொலைத்ததால்தான் இத்தனை குழப்பம். அதன் உண்மைப் பொருள், காயத்துக்கு முனைப்பான சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பது. அவசரப் பிரிவு மருத்துவர் பார்த்தாலும் ஏ, அதே காயத்துக்கு அறுவை மருத்துவர் பத்தாம் நாள் கத்தி எடுத்தாலும் ஏ. சிகிச்சை முடிந்து, ஆறும் காலத்தில் தையல் பிரிக்கவோ கட்டு மாற்றவோ வந்தால் டி. அப்போது மருத்துவர் முற்றிலும் புதியவராக இருந்தாலும் டிதான். மருத்துவரின் காலத்தையோ மருத்துவமனையின் காலத்தையோ அந்த எழுத்து கணக்கில் எடுப்பதில்லை, காயத்தின் காலத்தைத்தான் எடுக்கிறது.

மூன்றாவதான எஸ், காயம் ஆறியபின் விட்டுச்சென்ற விளைவுக்கு. அதில் ஒரு நுணுக்கம்: வலிக்கும் தழும்புக்காக ஒருவர் வந்தால் தழும்பின் குறியீடு முதலில், எஸ்71.031எஸ் அடுத்தது. இன்றைய தொல்லை முன்னால், அதைப் பெற்ற காயம் பின்னால்.

சாரியையும் உண்டு என்றால் நம்புவீர்களா? ஆணி குத்தியது என்ற காரணத்துக்குத் தனிக் குறியீடு டபிள்யூ45.0எக்ஸ்எக்ஸ்ஏ. நான்கு இடங்களிலேயே பொருள் முடிந்துவிட்டது, ஆனால் கடைசி எழுத்து ஏழாம் இடத்தில்தான் உட்கார வேண்டும். நடுவில் வெற்றிடம் விடக்கூடாது என்று இரண்டு எக்ஸ். தனக்கென்று பொருள் கிடையாது, இடம் நிரப்புவதே வேலை. இவ்வகைக் காரணக் குறியீடுகளில் வாத்து முட்டியதற்கும் ஒன்று உண்டு என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. ஆணியால் எத்தனை பேர், நாயால் எத்தனை பேர் என்று எண்ணாமல் விபத்துத் தடுப்புக்கு யாரிடம் போய்ப் பணம் கேட்பது? நான் பயப்படுவது 9ஐப் பார்த்துத்தான். 'பக்கம் சொல்லப்படவில்லை' என்று குவியும் ஒவ்வொரு வரியும் ஆராய்ச்சிக்குப் பாதிப் பயன்தான்.

இப்போது வாசகரின் நோயாளி. முதல் மருத்துவமனை உள்ளே எதுவும் இருப்பதாக எழுதவில்லை, அதனால் எஸ்71.031ஏ. இரண்டாவது இடத்தில் துணித் துணுக்கு கிடைத்தது, அதை எடுத்ததும் முனைப்பான சிகிச்சை, எனவே எஸ்71.041ஏ. இரண்டோடும் அந்த ஆணிக் குறியீட்டைச் சேர்க்கலாம். புண்ணில் சீழ் பிடித்திருந்தால் தொற்றுக்குத் தனியாக இன்னொன்று. ஒருவேளை அறுவை மருத்துவர் வலதா இடதா என்று எழுத மறந்திருந்தால், செவிலியர் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், விதி அதற்கு இடம் தருகிறது. அங்கேயும் இல்லையா? நீங்களாக ஊகித்து 1 போடாதீர்கள், மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள்.