பல்பு எரிகிறது, கிடார் பாடவில்லை: ஏன்?

திருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மெல்லிசைக் குழுவில் மின்கிடார் வாசிப்பவர். கிடாரின் டாகிள் சுவிட்ச் (சிறு கைப்பிடியை மேலும் கீழும் தள்ளும் வகை) உடைந்துபோகவே, எலக்ட்ரிக் கடையில் '6 ஆம்பியர், 250 வோல்ட்' என்று பொறித்த சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு மெதுவாக மீட்டினால் ஒலி வருவதில்லை. ஓங்கி மீட்டினால் கரகரப்போடு வருகிறது. சுவிட்சைக் கழற்றி வீட்டு மின்சாரத்தில் ஒரு பல்போடு இணைத்துச் சோதித்தால் பல்பு பளிச்சென்று எரிகிறது. மீண்டும் கிடாரில் மாட்டினால் சில நாள் ஒழுங்காகப் பாடிவிட்டு, பழையபடி முரண்டு பிடிக்கிறது. "இத்தனை வலுவான சுவிட்சுக்கு இந்தச் சின்ன வேலை ஏன் முடியவில்லை?" என்பது அவர் கேள்வி.

சின்ன வேலை என்பதுதான் சிக்கலே.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பான கிடாரின் பிக்-அப், பள்ளியில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஏறத்தாழ 100 மில்லிவோல்ட். ஓங்கி மீட்டினால் சில மடங்கு கூடும். ஒலி அளவுக் குமிழும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து சுமார் 2 லட்சம் ஓம் தடையாக எதிரே நிற்கின்றன. ஓமின் விதிப்படி கணக்கிட்டால் மின்னோட்டம் அரை மைக்ரோ ஆம்பியர். வாசகரின் சுவிட்ச் தாங்கக்கூடிய 6 ஆம்பியரோ இதைப்போல 1 கோடியே 20 லட்சம் மடங்கு.

இனி சுவிட்சுக்குள் போவோம். இரண்டு உலோகத் தொடுமுனைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பு, நுண்ணோக்கியில் மேடும் பள்ளமும். இரு பக்கத்து மேடுகளும் முட்டிக்கொள்ளும் ஒருசில புள்ளிகளில் மட்டுமே மின்சாரம் கடக்கிறது. பெரிய மின்னோட்டத்துக்கான சுவிட்சில் இந்த முனைகள் பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவை. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் இம்மியளவு இருந்தாலும் போதும், வெள்ளி சல்ஃபைடு என்ற கரிய படலம் படரும். கொலுசு கறுப்பதும் இதே வேதிவினைதான். நம் ஊரில் அதற்கு உடம்புச் சூடு, கண் திருஷ்டி என்று காரணம் சொல்லிச் சுற்றிப்போடுகிறார்கள், மிளகாய்தான் வீண்.

அந்தப் படலம் மின்சாரத்தை எளிதில் விடாது. ஆனால் 230 வோல்ட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, துளைத்துக்கொண்டு போய்விடும். அதோடு, சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் முனைகளுக்கு இடையே ஒரு சிறு தீப்பொறி பறக்கிறதே, அது படலத்தைச் சுட்டு நீக்குகிறது. தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் சுவிட்ச்! பல்பில் சோதித்த பிறகு கிடார் சில நாள் பாடியதன் மர்மம் இதுதான். கிடாரின் 100 மில்லிவோல்ட்டுக்குத் துளைக்கவும் தெம்பில்லை, பொறி பறக்கவிடவும் தெம்பில்லை. ஓங்கி மீட்டும்போது மட்டும் திக்கித் திணறிக் கடக்கிறது. மல்டிமீட்டரை நம்பியும் பயனில்லை. தடையை அளக்க அது தரும் ஒன்றிரண்டு வோல்ட்டே படலத்தை உடைத்துவிடக்கூடும். பழுதான சுவிட்ச் நல்ல சுவிட்சாகத் தெரியும்.

இவ்வளவு மெலிந்த மின்சாரத்துக்கு ஏற்றது தங்க முலாம் பூசிய தொடுமுனை. தங்கம் கந்தகத்தோடும் ஆக்சிஜனோடும் சேராது. கீழடியில் மண்ணுக்குள் அத்தனை நூற்றாண்டு கிடந்த தங்க அணிகலன் துண்டுகள் தங்கமாகவே வெளிவந்தன. ஆனால், தங்கம் பூசினால் ஒலியே இனிமையாகிவிடும் என்று சொல்லி விலையேற்றி விற்பது அட்சய திருதியை வியாபாரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. சுருளின் தடையே 6,000 ஓம் அளவு இருக்கும்போது, தொடுமுனையில் ஓமின் சிறு பின்னம் கூடினாலும் குறைந்தாலும் எந்தக் காதுக்கும் தெரியாது. தங்கம் செய்வது ஒன்றே: கறுக்காமல் இருப்பது.

கறுப்பையும் துருவையும் ஆராய்வது கைத்தட்டல் கிடைக்காத துறை. மதுரைக்குப் பக்கத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அரிமானமும் முலாம் பூச்சும் அங்கே முக்கியப் பாடங்கள். அது அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். ராக்கெட்டுக்குத் திறக்கும் கஜானா துரு ஆராய்ச்சிக்கும் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. ராக்கெட்டிலும் சுவிட்சுகள் இருக்கின்றன.

வாசகர் வாங்க வேண்டியது, விவரக்குறிப்பில் '0.4 விஏ (வோல்ட்-ஆம்பியர்), 20 வோல்ட்' என்பதுபோலச் சின்ன எண்கள் கொண்ட சிறிய டாகிள். அதைப் பல்பில் சோதிக்கக் கூடாது. பொறி பட்டால் மெல்லிய முலாம் தீய்ந்துவிடும். பிக்-அப்பை இணைக்கவோ துண்டிக்கவோ மட்டும், கம்பியைப் பற்றவைக்க மூன்று கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சுவிட்ச் போதும். இரட்டைச் சுருள் பிக்-அப்பைத் தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் மாற்ற ஆறு கால் வேண்டும். 4,000 ஓம் சுருள்கள் இரண்டு தொடரில் 8,000, பக்க இணைப்பில் 2,000. சுருள்களின் தூண்டல் திறனும் ஏறக்குறைய கால் பங்காகிறது. அதே கேபிளோடு ஒத்ததிர்வு அதிர்வெண் (சுருள் மிக ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்) இரட்டிப்பாகி ஒலி கூர்மையாகும். நடு நிலையில் ஒற்றைச் சுருள் வேண்டுமென்றால் 'ஆன்-ஆன்-ஆன்' வகை வாங்க வேண்டும். 'ஆன்-ஆஃப்-ஆன்' வகை தோற்றத்தில் அப்படியே இருக்கும், நடுவில் வேறு வேலை செய்யும். இரட்டைச் சுருள் அடக்கிவைத்திருந்த, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒற்றைச் சுருளில் திரும்ப வரும், அது சுவிட்சின் குற்றமல்ல.

நடு வரிசைக் கால்கள்தான் பொது. பெரும்பாலான டாகிள்களில் கைப்பிடி மேலே இருந்தால் கீழ்க் கால்கள் இணையும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஈயம் பற்றவைக்கும்போது ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகிக் கால் நகரும். சுவிட்சைக் கால்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பிடித்துப் பற்றவைத்தால், ஈயம் ஒட்டுவதற்கு உதவும் பசையான ஃபிளக்ஸ் உருகி உள்ளே வழிந்து தங்கத்தின் மேல் இன்னொரு படலம் போடாது.