நெஞ்சுவலியோடு எத்தனை வாசல் ஏறி இறங்குவது?

சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. இவை போக ஏரியாவுக்கு நாலு நர்சிங் ஹோம். இருந்தும் மாரடைப்பு வந்த ஒருவர் உரிய சிகிச்சைக்கு வந்துசேர ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் என்னை அதிகம் வருத்துவது இதுதான். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூரம் இல்லை, வழியில் ஏறி இறங்கிய வாசல்கள்.

நாங்கள் அடிக்கடி பார்க்கும் கதை இப்படி இருக்கும். ஐம்பதைத் தாண்டிய குடும்பத் தலைவர். ராத்திரி 11 மணிக்கு நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கிறது. பரோட்டா சாப்பிட்டதால் கேஸ் என்று சோடா குடிக்கிறார். மனைவி ஓமம் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார். விடியற்காலையில் பனியன் தெப்பலாக நனைந்த பிறகுதான், பைக்கில் நடுவில் உட்காரவைத்து மகன் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போகிறார். அங்கே ஒரு ஊசி. வலி விடவில்லை. அடுத்து ஒரு நர்சிங் ஹோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “இங்க கேத் லேப் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்கிறார்கள். கேத் லேப் என்றால், இதயத்தின் ரத்தக் குழாயில் உள்ள அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்கூடம். அடுத்த இடத்தில் அட்வான்ஸ் கட்டச் சொல்ல, சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் பறக்கிறது. எங்களிடம் வந்துசேரும்போது மணி 7 ஆகியிருக்கும். “கேஸ்னுதான் சார் நெனச்சோம்” என்று அந்தப் பையன் சொல்லும்போது அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனசு வருவதில்லை.

கேஸா, ஹார்ட்டா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல டாக்டராலும் முடியாது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் விட்டுவிட மாட்டோம், மறுபடி எடுப்போம், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்போம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். மாரடைப்பில் அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கும்வரை இதயத் தசை செத்துக்கொண்டேதான் இருக்கும். செத்த தசை மீண்டு வராது.

அதனால்தான் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற சேவை, காசு கிடையாது. “ஆட்டோல போனா சீக்கிரம் போயிடலாமே?” என்பார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் ஆட்டோவில் ஆக்சிஜன் இல்லை, வழியில் மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தப் பழகிய கை இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் இதற்கு வசதி இருக்கிறது என்று ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துச் சிக்கலையும் சொல்ல வேண்டும். சளி, காய்ச்சலுக்கெல்லாம் வந்து கூட்டம் சேர்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அனுப்ப அதிக நேரம் ஆகாது. முதலுதவி முடிந்தும் ஐசியுவில் படுக்கை காலியாகாததால் எமர்ஜென்சியிலேயே கிடக்கும் நோயாளிகள்தான் பெரிய நெருக்கடி. ஒரு வென்டிலேட்டர் நோயாளி ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தால் அந்தக் கட்டிலும், அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் அடுத்து வருபவருக்குக் கிடையாது. வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருப்பது இதனால்தான். எமர்ஜென்சியில் எத்தனை கட்டில் கூட்டிப் போட்டாலும், உள்ளே வார்டில் இடம் வராமல் இது தீராது.

“நாங்கதான் முதல்ல வந்தோம்” என்ற சண்டை தினமும் நடக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது இதற்குத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, உடனே உள்ளே. உங்களைப் பச்சையில் உட்காரவைத்தால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். காத்திருக்கும்போது மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் தயங்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவர இன்னமும் ஜனங்கள் பயப்படுகிறார்கள். போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. உதவி செய்தவர் பெயரையும் விலாசத்தையும் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ என்ற அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

பக்கவாதத்தில் நேரம் இன்னும் குறைவு. வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் எண்ணெய் தேய்க்க வேண்டாம், தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம். புரையேறிவிடும். சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக வாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்து கணக்கிடுவோம். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.