மேலே போகிற விமானத்துக்கு யார் பில் போடுகிறார்கள்?

களியக்காவிளையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் இரண்டு வகை விமானம் கண்ணில் படும். ஒன்று திருவனந்தபுரத்துக்கு இறங்கி வருவது. விளக்கைப் போட்டுக்கொண்டு தாழ்ந்து வரும், சத்தமும் கேட்கும். இன்னொன்று பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், வளைகுடாவிலிருந்து கொழும்புக்கோ அதற்கு அப்பாலோ போவது. வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கோட்டைப் பார்த்து அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, நாம பைபாஸ்ல ஏறினா டோல் எடுக்காவல்லா, அதுக்கு யாரு எடுப்பா?"

எடுக்கிறார்கள். ஆனால் அதை டோல் என்று சொல்லக்கூடாது. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு, ஒரு நாட்டின் மேலே பறந்து போகிற உரிமைக்காக மட்டும் காசு கேட்கக்கூடாது என்கிறது. செய்த வேலைக்குக் கூலி கேட்கலாம். ரேடாரில் பார்த்துக்கொள்வது, ரேடியோவில் பேசுவது, பக்கத்து விமானத்தோடு இடைவெளி காப்பது எல்லாம் வேலைதானே. கரையிலிருந்து 12 கடல் மைலோடு நம் நாட்டின் வான எல்லை முடிந்துவிடுகிறது. ஆனால் சென்னை வான் தகவல் மண்டலம், அதாவது சென்னையிலிருந்து பார்த்துக்கொள்ளும் வான்பரப்பு, வங்காள விரிகுடாவின் மேல் வெகுதூரம் போகிறது. நமக்குச் சொந்தமில்லாத கடலின் மேலும் வேலை நடக்கிறது, அதற்கும் பில் உண்டு.

சரி, எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? சாலையில் ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டி கம்பத்துக்குக் கீழே போனால் போதும். வானத்தில் கம்பம் கிடையாது. பில்லுக்கென்று யாரும் தனியாக அளப்பதும் பெரும்பாலும் இல்லை. பாதுகாப்புக்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செய்திகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் கணினி பில் எழுதுகிறது.

முதல் செய்தி பயணத் திட்டம். புறப்படும் முன்பே விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, எந்தெந்த வழித்தடம், எங்கே இறங்கும் என்று எல்லாவற்றையும் சுருக்கெழுத்துப் போல ஒரே செய்தியில் அனுப்பிவிடுவார்கள். திருவனந்தபுரத்துக்கு அதில் பெயர் வி.ஓ.டி.வி., மதுரைக்கு வி.ஓ.எம்.டி. கிளம்பியதும் ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி, தாமதமானாலோ ரத்தானாலோ தனித்தனிச் செய்திகள். இவற்றோடு ரேடார் தடம், விமானமே நொடிக்கு நொடி ஒலிபரப்பும் தன் இருப்பிடம்.

இத்தனை சீட்டுகளையும் ஒரே பயணமாகக் கோப்பதுதான் மென்பொருளின் பெரிய வேலை. கூட்டல் பெருக்கல் அதற்குப் பிறகுதான். அழைப்புப் பெயர் டிக்கெட்டில் இருக்கும் எண்ணாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றியிருப்பார்கள். அதனால் வாலில் எழுதிய பதிவெண் வரை போய்ப் பார்த்து, அது இப்போது யார் கையில், குத்தகைக்கு விட்டதா என்றெல்லாம் பட்டியலில் தேடியாக வேண்டும்.

நேரம் இன்னொரு தலைவலி. செய்திகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் வரும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். வளைகுடா விமானங்கள் விடியுமுன்னே வந்து இறங்குவது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சொந்தக்காரரை அழைத்துவர இரவு இரண்டு மணிக்குக் கார் பிடித்தவர்கள்தானே! ஏப்ரல் 1 அதிகாலை 4.40க்கு இறங்கிய விமானம் செய்தியில் மார்ச் 31, இரவு 11.10 என்று இருக்கும். நமக்கு அது புது நிதியாண்டின் முதல் நாள். கட்டண விகிதம் அன்று மாறியிருந்தால், எந்த நேரத்தை எடுத்தோம் என்பதிலேயே தொகை மாறிப்போகும்.

கோத்து முடித்த பின் சூத்திரம். மிகத் தெளிவாக இருப்பது ஐரோப்பாவுடையது. யூரோகண்ட்ரோல் அமைப்பு 1971 முதல் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பில்லாக அனுப்புகிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 100ஆல் வகு. விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையை டன்னில் எடுத்து 50ஆல் வகுத்து வர்க்கமூலம் காண். இரண்டையும் பெருக்கி, அந்தந்த நாடு வைத்திருக்கும் கட்டண விகிதத்தால் பெருக்கு. அவ்வளவுதான்.

வர்க்கமூலம் எதற்கு? 78 டன் ஏர்பஸ் ஏ320ஐயும் 575 டன் ஏ380ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏழு மடங்குக்கு மேல். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கோ இரண்டுமே திரையில் ஒரு புள்ளி, வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் ஒரே கட்டணம் போடலாம், ஆனால் சின்ன விமானம் தாங்காது. எடைக்கு ஏற்பப் போட்டால் பெரியது கத்தும். வர்க்கமூலம் எடுத்தால் 1.25க்கு 3.39, அதாவது சுமார் 2.7 மடங்கு. நடுவழி பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கா, மேலே பறந்து மட்டும் போகிறவர்களிடம் எடையே கேட்பதில்லை, தூரம் மட்டும்தான். நம் நாட்டு வழித்தடக் கட்டணத்தில் தூரம், எடை இரண்டும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. எடை என்பது அன்று ஏற்றிய எடை அல்ல, சான்றிதழில் எழுதிய உச்ச எடை. காலியாகப் பறந்தாலும் அதே கட்டணம். ஒரே ஏ320ஐ 73.5 டன் என்றும் சான்று வாங்கலாம், 78 என்றும் வாங்கலாம். குறுகிய தூரம் மட்டும் ஓட்டும் நிறுவனம் குறைந்த எடையை எழுதி வாங்கிக்கொள்ளும். இரும்பில் ஒன்றும் மாறாது, பில் இளைக்கும்.

தூரத்திலும் வழக்கு உண்டு. ஐரோப்பாவில் 2019 முடியும் வரை கடைசியாகத் தாக்கல் செய்த திட்டப்படிதான் பணம். கட்டணம் குறைந்த நாட்டு வழியாகச் சுற்றுவதாக எழுதிவிட்டு, மேலே போனதும் நேர்வழி கேட்டு வாங்குவதற்கு அதில் இடம் இருந்தது. 2020 முதல் உண்மையில் பறந்த பாதைக்குக் கணக்கு.

இறங்கும் விமானத்தின் கதை வேறு. திருவனந்தபுரத்தில் ஓடுபாதையும் நிறுத்துமிடமும் 2021 அக்டோபர் முதல் அதானி குழுமத்தின் நிர்வாகத்தில். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இந்திய விமான நிலைய ஆணையத்திடமே இருக்கிறது. ஆகவே ஒரே தரையிறக்கத்துக்கு இரண்டு கைக்குப் பணம் போகும். தரையிறங்கும் கட்டணம் எடையைப் பார்க்கும், நிறுத்தும் கட்டணம் எடையோடு கடிகாரத்தையும் பார்க்கும். இந்தியாவில் வழக்கமாக முதல் 2 மணி நேரம் இலவசம். தரை தொட்டு நிறுத்துமிடம் வர 15 நிமிடம், திரும்ப ஓடுபாதைக்குப் போக 15 நிமிடம் என்று கழிவும் உண்டு. 4.40க்குத் தரை தொட்டு 7.20க்கு மேலெழுந்தால், கழித்தது போக 2 மணி 10 நிமிடம். மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. 7.10க்குக் கிளம்பியிருந்தால் பூஜ்யம்.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு சங்கதி: பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பத்மநாபசுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். சில மணி நேரம் விமானம் ஏதும் இறங்காது, ஏறாது. அந்த நேரத்தில் ஒரு தரையிறக்கம் பதிவாகியிருந்தால், இறங்கியது விமானம் இல்லை, தப்பான தரவு! நல்ல மென்பொருள் அதைப் பில்லாக்காமல் மனிதர் கண்ணுக்கு அனுப்பும். என் வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கும்போதே ஒரு சுங்கச்சாவடி காசு எடுத்துக்கொண்டது. அங்கே அப்படி நிறுத்திக் கேட்க ஆள் இல்லை போலிருக்கிறது.

விமான நிறுவனங்கள் அப்படி ஏமாறுவதில்லை. அவர்களும் தங்கள் பதிவுகளை வைத்து ஒரு நிழல் பில் போட்டு ஒப்பிடுவார்கள். ஒத்துவராத பதிவை மட்டும் திருப்பி அனுப்புவார்கள்.

"கட்டலேன்னா என்ன செய்வாவ?" என்றான் அக்கா மகன். பறப்பதை வழிமறிக்க முடியாது, இறங்கும்போது பிடிக்கலாம். பிரிட்டனில் பாக்கிக்காக விமானத்தையே நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, பாக்கி வைத்த அதே விமானம்தான் என்றில்லை, அந்த நிறுவனத்தின் வேறொன்றானாலும் சரி. நம் ஊரில் இறங்காமல் மேலேயே போகிறவன் என்றால் சிரமம்தான். அடுத்த முறை அனுமதி கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.