குக்கர் வெடித்துக் காயமா? முதலில் அந்தக் குக்கரைப் பத்திரப்படுத்துங்கள்

குக்கர் மூடி பறந்து கையோ முகமோ வெந்துபோன வீட்டில், ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கையோடு யாராவது சமையலறையைக் கழுவிவிடுகிறார்கள். நசுங்கிய குக்கர் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இல்லையென்றால் விற்ற கடைக்காரர், "கொண்டாங்க, கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றனுங்க" என்று வாங்கிக்கொள்கிறார். இழப்பீடு கேட்க நினைப்பவர் இந்த இரண்டையும் செய்யக் கூடாது. குறை குக்கரில் இருந்ததா, பயன்படுத்தியதில் இருந்ததா என்பதை அந்தப் பாத்திரத்தை வைத்துத்தான் நிரூபிக்க முடியும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் 'பொருள் பொறுப்பு' பற்றியவை. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்தில் இல்லாமை, ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை தராமை, இவற்றில் ஒன்று இருந்து அதனால் காயம்பட்டால் தயாரித்தவர் பொறுப்பு. விற்றவர் எல்லா நேரத்திலும் மாட்டமாட்டார். தயாரித்தவர் யார் என்றே தெரியாதபோது, அல்லது விற்றவர் பொருளை மாற்றியிருந்தால், தயாரித்தவர் தருவதைத் தவிரத் தன் பங்குக்குத் தனி வாரண்டி கொடுத்திருந்தால் மாட்டுவார். பெயர் ஊர் இல்லாத குக்கரைச் சந்தைக் கடையில் வாங்கியவர்களுக்கு இது முக்கியம். ரிப்பேர் செய்தவரின் வேலையால் விபத்து என்றால் அவரையும் சேர்க்கலாம்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்று பலர் தயங்குகிறார்கள். நம் பக்கத்தில் பாதிக் குக்கர் சீர்வரிசையில் வந்தவை. பில் அப்பா பெயரிலோ தாய்மாமன் பெயரிலோ இருக்கும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். காயம்பட்டவர் இறந்துவிட்டால் வாரிசுகள் புகார் தரலாம். கடை, ஓட்டல் போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியதை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே நின்று சமைக்கும் தள்ளுவண்டிக்காரருக்குச் சட்டம் விலக்கு தருகிறது.

இனி குக்கரின் கதை. வீட்டுக் குக்கருக்குள் காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தமும் 120 டிகிரி சூடும் இருக்கும். மூடி விலகிய நொடியில் 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். முகத்தில் அடிப்பது அதுதான். இதைத் தடுக்க முதலில் விசில், அது அடைத்தால் சேஃப்டி வால்வு. பல மாடல்களில் மூடியின் ஓரத்திலுள்ள வெட்டு வழியாக கேஸ்கட் பிதுங்கி அழுத்தத்தை வெளியேற்றும்.

ஆகவே சேஃப்டி வால்வு உருகி அதன் வழியாக ஆவி பீறிட்டது என்றால், அது பெரும்பாலும் வால்வு தன் வேலையைச் செய்ததுதான். அதை மட்டும் வைத்துக் குறை என்று நிற்பது கடினம். வால்வு முழுசாக இருக்க மூடி பறந்திருந்தால், கைப்பிடிப் பூட்டு முழுதாகச் சேராமலே அழுத்தம் ஏறியிருந்தால், உடம்பு விளிம்பில் கிழிந்திருந்தால், கைப்பிடி ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டிருந்தால், அங்கேதான் வழக்கு இருக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே: விசில் குழாய் அடைத்திருந்தது, அளவுக்கு மேல் நிரப்பினார்கள், டூப்ளிகேட் கேஸ்கட் போட்டார்கள், ஆவி அடங்கும் முன் திறந்தார்கள். தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று 87-ஆம் பிரிவே சொல்கிறது. தயாரித்தவரும் அதே வாதத்தைத்தான் எடுப்பார். அரிசியும் பருப்பும் சோறு நுரைத்துப் பொங்கும்; பருப்புத் தோல் விசில் குழாயில் போய் ஒட்டும். இந்த மாதிரிச் சமையலுக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, மற்றதற்கு மூன்றில் இரண்டு பங்கு. கேஸ்கட்டும் வால்வும் அதே கம்பெனியின் ஒரிஜினலாக வாங்கி, அந்தச் சின்னப் பில்லையும் பெரிய பில்லோடு பின் அடித்து வைத்தால் பாதி வாதம் அங்கேயே அடிபடும்.

விபத்து நடந்த அன்று அடுப்பு, மேல்கூரை, சிதறிய சோறு, மூடி விழுந்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். குக்கரைக் கழுவாமல், விசில், வால்வு, கேஸ்கட் எதையும் கழற்றாமல் அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையை அருகில் வைத்துப் படம் எடுங்கள்: முத்திரைக்கு மேல் ஐஎஸ் 2347, கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உரிமம் உண்மையானதா, யாருடையது என்று தெரியும். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுக் குக்கருக்கு இந்த முத்திரை கட்டாயம். கட்டாய முத்திரை இல்லாத குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒன்றில் 2,265 குக்கர்களும் இன்னொன்றில் 598 குக்கர்களும் விற்றிருந்தன. முத்திரை குறித்த புகாரை அந்தச் செயலியிலேயே தரலாம். கோயம்புத்தூரில் பிஐஎஸ் கிளை அலுவலகமும் உண்டு.

ஆஸ்பத்திரியில் குக்கர் வெடித்ததால் காயம் என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் தீக்காயம் என்று எழுதினால் பின்னால் தகராறு. விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பில் எல்லாம் வேண்டும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு இஎஸ்ஐ இருந்தால், அந்த விடுப்புச் சான்றே எத்தனை நாள் கூலி போனது என்பதற்கு நல்ல ஆதாரம்.

புகார் எங்கே? நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். ஈரோட்டில் இருப்பவர் கம்பெனி இருக்கும் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2,500 ரூபாய்க் குக்கருக்கு 15 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் பூஜ்யம். இந்த முறை சரிதான் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

காலக்கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அதற்கு முன் தயாரித்தவருக்கும் விற்றவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் பதிலில் அவர்கள் எழுதுவது பிறகு உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலும் சில நிறுவனங்கள் பேசித் தீர்க்க வருகின்றன. அப்போது 'புதுக் குக்கர் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவை இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. பெண்களுக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100.

மனுவில் குக்கரின் விலையையும் காயத்துக்கான இழப்பீட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பொருள் பொறுப்பில் 'தீங்கு' என்பதற்குள் அந்தப் பொருளின் சேதம் வராது. மருத்துவச் செலவு, உடல் காயம், அதனால் வந்த மன உளைச்சல், வீட்டிலுள்ள மற்ற பொருள்களின் சேதம் வரும். கூடவே, குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரியும் ஒரு மனு போடுங்கள். ஆணையம் அதைச் சீல் வைத்து அனுப்பும். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். அறிக்கைக்கு 45 நாள். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாளும், கூடுதலாக 15 நாளும்தான். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள். தோற்ற தரப்பு 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். பணம் கட்டச் சொல்லப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும்.